பெல்ட் பக்கிளும் பாலாறும்: கொஞ்சம் தத்துவம், நெறைய கடுப்பு

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. இன்னிக்கு மொக்கை கிடையாது, சீரியஸ் பதிவு. ஆம்பூர்க்காரன் எழுதினா பிரியாணி பத்தித்தான் இருக்கும்னு வந்தவங்க இப்படியே அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

அறிவியல் தத்துவம்னு ஒரு துறை இருக்கு. எதை ஆதாரம்னு ஒத்துக்கலாம், எவ்வளவு ஆதாரம் சேர்ந்தா ஒரு முடிவை நம்பலாம், விஞ்ஞானி "நிரூபணம் ஆயிடுச்சு"ன்னு சொல்றப்ப உண்மையில என்ன சொல்றார்... இந்த மாதிரி சமாச்சாரங்களைத் தோண்டுற துறை. உலகம் பூரா இதுக்குச் சங்கங்கள் இருக்கு. அமெரிக்கச் சங்கம் 1934-லேருந்து 'ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ்'னு ஒரு பத்திரிகை நடத்துது. பிரிட்டிஷ் சங்கம் 1948-ல ஒரு சின்னக் குழுவா ஆரம்பிச்சது. உறுப்பினர் ஆயிட்டீங்கன்னா செய்தி வந்துட்டே இருக்கும். மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புங்க, மாணவர்களுக்குப் பயணச் செலவு தர்றோம், இளம் ஆய்வாளர்களுக்குப் பரிசு, இந்தப் பல்கலைக்கழகத்துல வேலை காலி. பொட்டி தட்டுற எனக்கு இதுல ஒரு பைசா பிரயோஜனம் இல்ல. இருந்தாலும் மூணு வருஷமா விடாம வாசிக்கிறேன், மாசாமாசம் கடுப்பும் ஆகுறேன்.

கடுப்பு ஏன்னு சொல்லணும்னா முதல்ல பெல்ட் பக்கிள் கதையைச் சொல்லணும்.

1953-ல ரிச்சர்ட் ரட்னர்னு ஒருத்தர் மேல சொன்ன அந்தப் பத்திரிகையில ஒரு குட்டிக் கட்டுரை எழுதினார். விஞ்ஞானி விஞ்ஞானியா வேலை செய்யும்போதே மதிப்பீடுகளும் உள்ள வந்துடுதுங்கிறதுதான் விஷயம். அவர் சொன்ன உதாரணம் ரொம்ப எளிமையானது. ஒரு மருந்துல உயிரைக் குடிக்கிற அளவுக்கு நச்சு இல்லைன்னு முடிவு கட்டணும்னா, நீங்க ரொம்ப ரொம்ப உறுதியா இருக்கணும். ஒரு லாட் பெல்ட் பக்கிள் சரியா இருக்குன்னு முடிவு கட்ட அவ்வளவு உறுதி தேவையில்ல. தப்பாப் போனா முதல் கேஸ்ல ஆள் சாவான், ரெண்டாவது கேஸ்ல பேன்ட் கழண்டு விழும். அப்போ "எவ்வளவு ஆதாரம் போதும்"ங்கிற கேள்விக்கு ஆய்வகத்துக்குள்ள மட்டும் உக்காந்து பதில் சொல்ல முடியாது. தப்பானா யாருக்கு என்ன ஆகும்னு வெளிய எட்டிப் பாத்தே ஆகணும்.

சாஃப்ட்வேர்ல இருக்கறவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு பட்டனோட கலரை மாத்தினா ரெண்டு டெஸ்ட் ஓட்டிட்டு ரிலீஸ் பண்ணிடுவோம். வங்கியில பணம் கழிக்கிற கோடைத் தொட்டா ராத்திரி பூரா டெஸ்ட் ஓடும். ரெண்டு டெஸ்டிங்கும் ஒரே அறிவியல்தான். எங்க நிறுத்தறதுங்கிறது மட்டும் வேற.

2000-ல ஹெதர் டக்ளஸ் அதே பத்திரிகையில இந்த வாதத்தைத் திரும்பக் கையில எடுத்தாங்க. அதுக்கப்புறம் அறிவியல்ல மதிப்பீடுகள்ங்கிறது அங்க ஒரு பெரிய பேச்சாவே ஆயிடுச்சு. சிம்போசியம், புத்தகம், கட்டுரை அழைப்புன்னு இன்னிக்கு வரைக்கும் ஓடுது. ரொம்ப சந்தோஷம்.

இப்ப எங்க ஊருக்கு வாங்க.

வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை. 2019-ல மாவட்டத்தை மூணாப் பிரிச்சுட்டாங்க, ஆனா எங்களுக்கு இன்னும் எல்லாமே வேலூர் பக்கம்தான். பச்சைத் தோல் உப்பு போட்டு வரும். டேனரியில அந்த உப்பைக் கழுவுவாங்க, சுண்ணாம்புல போடுவாங்க, முடி எடுப்பாங்க, குரோம் ஏத்துவாங்க. அந்தத் தண்ணி எங்க போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கிணத்துத் தண்ணி உப்பாச்சு, தென்னை காஞ்சது, நெல்லு போட்டவங்க நிலத்தைச் சும்மா போட்டாங்க.

இதை நிரூபிங்கன்னா எப்படி நிரூபிக்கிறது? அதான் கேள்வியே. உப்புல பேர் எழுதியிருக்காது சார். "இது எங்க டேனரி உப்பு இல்ல, மேல இருக்கற டேனரி உப்பு", "இந்த மண்ணே உப்பு மண்ணு", "மழை இல்லாததால வந்தது"ன்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லலாம். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். கிணத்தை இழந்த விவசாயி, காலேஜ் வாசலையே மிதிக்காதவர், என் கிணத்தைக் கெடுத்தது இன்ன டேனரிதான்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும்னா இன்னும் நூறு வருஷம் ஆனாலும் நடக்காது.

இந்த இடத்துலதான் 1991-ல வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போச்சு. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது. குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. அந்தத் தீர்ப்புலயே இருக்கு, வேலூர் வேளாண் ஆராய்ச்சி மையம் எடுத்த ஆரம்பக்கட்ட சர்வேபடி டேனரி பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமப் போச்சுன்னு. நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தோட ஒரு பகுதின்னு சொல்லிச்சு. அதுக்குள்ள ரெண்டு விஷயம் முக்கியம். அறிவியல் ரீதியா முழு உறுதி இல்லைங்கிறதைக் காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன்னோட தொழில் சுற்றுச்சூழலைக் கெடுக்காதுன்னு நிரூபிக்கிற பொறுப்பு தொழில் நடத்துறவரோடது.

யோசிச்சுப் பாருங்க. ரட்னர் 1953-ல ஆறு பக்கத்துல கேட்ட அதே கேள்வி. எவ்வளவு ஆதாரம் போதும், தப்பானா யார் தலையில விழும். அதுக்கு இந்தியாவோட உச்ச நீதிமன்றம் பாலாத்தங்கரையை வச்சுப் பதில் சொல்லியிருக்கு. 1999-ல ஹைதராபாத் ஏரிகள் சம்பந்தப்பட்ட நாயுடு வழக்குல அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போய், அறிவியலோட நிச்சயமின்மை பத்தியே பக்கம் பக்கமா எழுதிச்சு. அந்தத் தீர்ப்பை வாசிச்சப்ப இது சட்டப் புத்தகமா தத்துவப் புத்தகமான்னு எனக்கே டவுட் வந்துடுச்சு. வேலூர் தீர்ப்பை இன்னிக்கு இந்தியாவுல எல்லாச் சட்டக் கல்லூரியிலயும் நடத்துறாங்க. சரி, சட்டக் கல்லூரியில நடத்துறாங்க. வேற எங்க நடத்துறாங்க?

கடுப்போட முதல் பாகம் இது. அமெரிக்கச் சங்கத்தோட மாநாடு 1968-லேருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குது. அட்லாண்டா, சியாட்டில், பால்டிமோர், பிட்ஸ்பர்க், 2024-ல நியூ ஆர்லியன்ஸ். அமெரிக்கச் சங்கம், அமெரிக்காவுல நடத்துது, அது அவங்க உரிமை. விட்டுடலாம். ஆனா உலகத்துக்கே பொதுன்னு சொல்லிக்கிற தர்க்கவியல், அறிவியல் தத்துவ மாநாடு ஒண்ணு இருக்கே? 1960-ல ஸ்டான்ஃபோர்டுல ஆரம்பிச்சு 2023-ல புவனஸ் ஐரிஸ் வரைக்கும் 17 தடவை நடந்திருக்கு. ஜெருசலேம்ல நடந்திருக்கு, மாஸ்கோவுல நடந்திருக்கு, பெய்ஜிங்ல நடந்திருக்கு. இந்தியாவுல ஒரு தடவை கூட இல்ல. நியாயம்ங்கிற தர்க்கத்துக்குன்னே ஒரு தனி தரிசனம் வச்சிருந்த நாடுங்க இது!

ஒரு மாணவனுக்குப் பயண உதவி தர்றேங்கறாங்க. நல்ல மனசு. ஆனா அந்த உதவியை வாங்குறதுக்கு முன்னாடி அவன் கட்டுரை தேர்வாகணும், அதுக்கு அவன் ஒரு தத்துவத் துறையில இருக்கணும், அதுக்கு அந்தத் துறைன்னு ஒண்ணு அவன் ஊர்ல இருக்கணும். அப்புறம் விசா. அறிவிப்பு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு. ஆனா வாசல் ஏழாவது மாடியில, லிஃப்ட் கிடையாது. அவங்களுக்கு ரிஸ்க்ங்கிறது கட்டுரைக்குள்ள வர்ற ஒரு உதாரணம். எங்களுக்கு அது தெருக் குழாய்ல வர்றது.

இத்தோட நிறுத்திக்கிட்டா இது வெள்ளைக்காரனைத் திட்டுற பதிவா முடிஞ்சிடும். அது ரொம்ப ஈசி. எனக்கு உண்மையான கோவம் நம்ம ஆளுங்க மேலதான்.

இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகம்னு ஒண்ணு 1977-ல மத்திய அரசு அமைச்சது. ஆய்வு உதவித்தொகை, கருத்தரங்கு நிதி எல்லாம் தர்றாங்க. உலகத் தத்துவ நாள் கொண்டாடக் கல்லூரிகளுக்குக் காசு கூடக் குடுக்கறாங்க. அப்படி ஒரு நாள் இருக்குன்னு எங்க பக்கத்துல எத்தனை பேருக்குத் தெரியும்? நான் படிச்ச பொறியியல் கல்லூரி நோட்டீஸ் போர்டுல நாலு வருஷத்துல நான் பாத்தது ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி, கேம்பஸ் இன்டர்வியூ, யோகா தினம். (பேர் சொல்ல மாட்டேன். உங்க கல்லூரியும் அப்படித்தான்னு தெரியும்.) தொழில்முறை அறம்னு ஒரு பேப்பர் இருந்துச்சு. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி நெட்டுரு போட்டு எழுதினோம். பாலாறு பத்தி அதுல ஒரு வரி இல்ல. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா மணல் லாரி தெரியும்.

அடுத்து யு.ஜி.சி. 2019-ல ஒரு உத்தரவு போட்டாங்க. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யற எல்லாருக்கும் ஆய்வு, வெளியீட்டு அறம்னு ஒரு கட்டாயப் பாடம். மொத்தம் 30 மணி நேரம். அதுல தத்துவமும் அறமும் சேர்த்து 3 மணி நேரம். நம்பலைன்னா பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்க. பாக்கி நேரம் பூரா காப்பி அடிக்காதே, போலி ஜர்னல்ல போடாதே, சைட்டேஷன் எப்படி எண்ணுறது. டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபின்னு பட்டத்துல பேர் வச்சுட்டு, ஃபிலாசஃபிக்கு மூணு மணி நேரம். அண்ணே, ஆம்பூர்லேருந்து சென்னைக்கு பஸ்ல போனாலே அதை விட ஜாஸ்தி நேரம் ஆகும்ணே!

"தத்துவம் சோறு போடுமா மச்சி?"ன்னு என் ரூம்மேட் கேட்டான். இதைக் கேக்காத ஆளே கிடையாது. இந்தியாவோட குடியரசுத் தலைவர் ஆன தத்துவப் பேராசிரியர் ராதாகிருஷ்ணன், கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போறதுக்கு முன்னாடி எங்க வேலூர் ஊரீஸ் கல்லூரியில படிச்சவர்தான், அவருக்குச் சோறு போட்டுச்சுன்னு சொல்லி அவன் வாயை அடைச்சிருக்கலாம். ஆனா அது நேர்மையான பதில் இல்ல. ஒருத்தருக்குப் போட்டதை வச்சு எல்லாருக்கும் போடும்னு சொல்ல முடியாது (இதுவும் அறிவியல் தத்துவம்தான், ஹிஹி). நேர்மையான பதில் வேற. தத்துவம் சோறு போடாது. ஆனா உன் சோத்துல என்ன கலந்திருக்குன்னு ஒருத்தன் அறிக்கை குடுக்கும்போது, அதை எங்க நிறுத்திக் கேள்வி கேக்கணும்னு சொல்லிக் குடுக்கும்.

ஒரே ஒரு உதாரணம். டி.டி.எஸ்., அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்புகளோட அளவு. குடிதண்ணிக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும். டேனரிக் கழிவுநீர் வெளிய விடறதுக்கு நம்ம மாநில வாரியம் வச்ச வரம்பு 2100. இந்த 2100 எங்கேருந்து வந்தது? தராசுல நிறுத்தா 2100-ன்னு ஒரு கோடு தெரியுமா? தெரியாது. எந்தப் பயிர் எவ்வளவு உப்பு தாங்கும்ங்கிறது ஒரு கணக்கு. சுத்திகரிக்க எவ்வளவு செலவாகும்ங்கிறது இன்னொரு கணக்கு. ஆத்துல தண்ணி ஓடுதா இல்லையாங்கிறது மூணாவது. 1996 தீர்ப்புலயே, இந்த வரம்பை உள்ளூர் நிலைமையைப் பாத்து மாநில வாரியம்தான் முடிவு செய்யணும்னு வருது. அப்ப அந்த எண்ணுக்குள்ள வேதியியல் மட்டும் இல்ல, யாரோட நஷ்டத்தை எவ்வளவு மதிக்கிறோம்ங்கிறதும் இருக்கு. தப்புன்னு சொல்லல. எந்த எண்ணை வச்சாலும் அப்படித்தான் இருக்கும். ஆனா அது "அறிவியல் சொல்லிடுச்சு"ன்னு முகமூடி போட்டு வரக்கூடாது.

எதிர்ப்பக்கமும் யோக்கியம் இல்ல. குரோமியம்னாலே புற்றுநோய்னு வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்தும். டேனரியில தோலுக்கு ஏத்துறது மூவிணைதிற குரோமியம். ராணிப்பேட்டையில மூடிப்போன குரோமேட் கம்பெனி விட்டுட்டுப் போன மலை மாதிரிக் கழிவு, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல, அதுல இருக்கறது ஆறிணைதிற குரோமியம். அதுதான் கொடும் விஷம். ரெண்டுக்கும் வித்தியாசம் பெருசு. மூவிணைதிறம் சில சூழ்நிலையில ஆறா மாறும், அதனால அதையும் கண்ணை மூடிட்டு விட முடியாது. "குரோமியம் ஒண்ணும் செய்யாது"ங்கிற முதலாளியும் "குரோமியம்னாலே சாவு"ங்கிற போராளியும் ஒரே வார்த்தையில ரெண்டு பொருளைப் போட்டு விளையாடறாங்க. இதைப் பிரிச்சுக் கேக்கத் தெரிஞ்ச பத்து பட்டதாரிகள் எங்க ஊர்ல இருந்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் ஜாக்கிரதையாப் பேசுவாங்க.

டேனரியை மூடச் சொல்றான்னு கிளம்பிடாதீங்க. என் அத்தை 18 வருஷமா ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல இருக்காங்க. அந்தச் சம்பளத்துல ரெண்டு பசங்க படிச்சாங்க. தப்பா மூடினாலும் அது தப்புதான், அந்தத் தப்போட விலையை அத்தை மாதிரி பெண்கள்தான் குடுப்பாங்க. தப்பா திறந்து விட்டா விலையைக் குடுக்கறது கிணத்துக்காரங்களும், உள்ள வேலை செய்யறவங்களும். 2015 ஜனவரி 31, ராணிப்பேட்டையில பொது சுத்திகரிப்பு நிலையத்துக் கழிவுத் தொட்டிச் சுவர் உடைஞ்சு 10 தொழிலாளிங்க செத்தாங்க. தூங்கிட்டிருந்தவங்க. சுத்தம் பண்ணக் கட்டின இடத்துல! ரட்னரோட கேள்வி ரெண்டு பக்கமும் வெட்டும். அதனாலதான் அதை ஊர்க்காரங்க கையில குடுக்கணும்ங்கிறேன்.

இதையெல்லாம் நம்ம ஊர்ல யாரும் யோசிக்கலையான்னா, யோசிச்சாங்க. 1980-கள்ல சென்னையில பி.பி.எஸ்.டி.ன்னு ஒரு குழு. நெறைய பேர் பொறியாளர், விஞ்ஞானிங்க. தனியா பத்திரிகையே நடத்தினாங்க. முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்துல இருந்த சி.வி. சேஷாத்ரி ஒரு கெமிக்கல் இன்ஜினியர். ஆற்றல், எண்ட்ரோபிங்கிற கருத்துகளுக்குள்ளயே யாருக்குச் சாதகமான மதிப்பீடு ஒளிஞ்சிருக்குன்னு தோண்டினவர். 1993-ல மும்பையிலயும் 1995-ல சென்னையிலயும் பாரம்பரிய அறிவியல் மாநாடு நடந்ததுக்குப் பின்னாடி அந்தக் குழு இருந்துச்சு. அவங்க சொன்ன பலதோட எனக்கு ஒத்துப்போகல. பழசெல்லாம் பொன்னுங்கிற வாடை எனக்கு ஆகாது, பழைய காலத்துத் தோல் தொழில்ல யாரை எங்க ஒதுக்கி வச்சிருந்தாங்கன்னு எங்க ஊருக்குத் தெரியும். ஆனா இன்ஜினியர்கள் எந்தச் சங்கத்தோட அழைப்புக்கும் காத்திருக்காம இந்தக் கேள்விகளைக் கேட்டாங்க பாருங்க, அதுக்கு ஒரு சல்யூட். இன்னிக்கு அந்த மாதிரி ஒரு கூட்டத்தைக் காட்டுங்க பாப்போம்.

இப்ப ஏன் இவ்வளவு அவசரம்னா, 2025 ஜனவரி 30-ல உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு பத்தித் தீர்ப்பு குடுத்திருக்கு. ராணிப்பேட்டைச் சாவுக்குப் பத்து வருஷம் முடிய ஒரு நாள் முன்னாடி. 2001-லயும் 2009-லயும் அறிவிச்ச இழப்பீட்டை இன்னும் வாங்காதவங்களுக்கு அரசே முதல்ல குடுத்துட்டு, மாசுபடுத்தினவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில ஒரு குழு அமைக்கணும்னு உத்தரவு. 1996-ல சொன்னது, 29 வருஷம் கழிச்சும் அதே வழக்கு. இனிமே வர்ற ஒவ்வொரு தணிக்கையிலயும் எந்தக் கிணறு, எந்த வருஷம், எந்த அளவு, எந்த ஆதாரம் போதும்னு கேள்வி வரும். அதுக்குப் பதில் சொல்ற மேசையில அதிகாரி இருப்பார், கன்சல்டன்ட் இருப்பார், வக்கீல் இருப்பார். கேள்வி கேக்கப் பழகின உள்ளூர் ஆள் இருப்பாரா?

நான் ஒண்ணும் ஆம்பூர்ல ஆக்ஸ்ஃபோர்டு கட்டச் சொல்லல. தோல் தொழில்நுட்பமும் சுற்றுச்சூழல் பொறியியலும் சொல்லிக் குடுக்கற இடங்கள்ல ஒரே ஒரு செமஸ்டர், ஆதாரம்னா என்னன்னு ஒரு பேப்பர். 1996 தீர்ப்பும் ரட்னர் கட்டுரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நடத்துங்க. தத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் கருத்தரங்கு நிதியில ஒண்ணை வாணியம்பாடிக்குக் குடுக்கட்டும், தமிழ்ல பேசலாம்னு நோட்டீஸ்ல போடட்டும். அமெரிக்கச் சங்கமும் பிரிட்டிஷ் சங்கமும், அறிவியல்ல மதிப்பீடுகள்னு அடுத்த தடவை கட்டுரை கேக்கும்போது, தத்துவத் துறை முத்திரை இல்லாத ஆட்களும் அனுப்பலாம்னு ஒரு வரி சேக்கட்டும், ஆன்லைன்ல பேச அனுமதிக்கட்டும். அதுக்கு விசா வேண்டாம், விமானம் வேண்டாம். உலக மாநாட்டை ஒரு தடவையாவது இந்தப் பக்கம் கொண்டு வாங்க. வந்தவங்களை மத்தியானம் பாலாத்துப் பாலத்துக்குக் கூட்டிட்டுப் போற வேலையை நான் பாத்துக்கறேன். சாயங்காலம் பிரியாணி. (அடடா, கடைசியில வந்துடுச்சே!)

டிஸ்கி 1: ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியமும், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் வச்சிருக்கற அறிவியல் தத்துவக் கட்டுரைக் களஞ்சியமும் இலவசம். உறுப்பினர் ஆகணும்னு அவசியமே இல்ல.

டிஸ்கி 2: வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டத்துல எந்தக் கல்லூரியாவது சனிக்கிழமை ஒரு ரூமும் ஒரு போர்டும் குடுத்தா, ரட்னர் கட்டுரையைத் தமிழ்ல நடத்த நான் வர்றேன். ஆறே பக்கம்தான். பஸ் சார்ஜ் என்னோடது, டீ மட்டும் நீங்க.